பித்தம் குடலுக்குள் தண்ணீரை என்ன செய்கிறது?

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயது. பள்ளி ஆசிரியை. எட்டு மாதங்களுக்கு முன்பு பித்தப்பையில் கல் என்று லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் கொஞ்ச நாள் அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரை சாப்பிட்டேன், கல் கரையவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இப்போது தினமும் காலைச் சாப்பாடு முடிந்த அரைமணிக்குள் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. தண்ணீராக, பச்சையும் மஞ்சளுமாகப் போகிறது. மதியத்துக்குள் மூன்று நான்கு முறை ஆகிவிடும். ஆசனவாயில் எரிச்சல் வேறு. 'இது ஐ.பி.எஸ் என்ற குடல் கோளாறு, டென்ஷனைக் குறையுங்கள்' என்று ஒருவர் சொன்னார். பித்த அமிலம் சிறுகுடலில் தண்ணீர் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்று எங்கேயோ படித்தேன். அப்படியென்றால் என் சிறுகுடல் கெட்டுவிட்டதா? முன்பு நான் சாப்பிட்ட மாத்திரையும் பித்த அமிலம்தானே, அப்போது ஏன் இப்படி ஆகவில்லை? காலையில் தண்ணீர் குடிப்பதையும், சாப்பாட்டில் எண்ணெயையும் நிறுத்திப் பார்த்தேன், பெரிய பலன் இல்லை. தைராய்டுக்கு தைராக்ஸின் மாத்திரை எடுக்கிறேன். அடுத்த மாதம் எட்டு மணி நேரப் பேருந்துப் பயணம் ஒன்று இருக்கிறது, நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் சிறுகுடல் கெட்டுப்போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது தன் வேலையைப் பெரும்பாலும் சரியாகவே செய்துகொண்டிருக்கும். தப்பு நடக்கும் இடம் அதற்கு அடுத்த அறை, அதாவது பெருங்குடல். நீங்கள் படித்த விஷயம் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொன்னால்தான் உங்கள் நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு நாளில் நம் சிறுகுடலுக்குள் இறங்கும் திரவம் எவ்வளவு என்று கேட்டால் பலரும் குடிக்கும் தண்ணீரை மட்டும் நினைத்து இரண்டு லிட்டர் என்பார்கள். உண்மையில் அது எட்டு ஒன்பது லிட்டர். வாயால் உள்ளே போவது சுமார் 2 லிட்டர். மீதி ஏழு லிட்டர் உடம்பே சுரப்பது: உமிழ்நீர், வயிற்று அமிலம், கணைய நீர், பித்தநீர், குடலின் சொந்தச் சுரப்பு. இதில் ஏழு லிட்டருக்கும் மேலாகச் சிறுகுடலே திரும்ப எடுத்துக்கொள்கிறது. பெருங்குடலுக்கு வந்து சேர்வது ஒன்றரை லிட்டர் போல. பெருங்குடல் அதிலும் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டுக் கடைசியில் மலத்தோடு வெளியே விடுவது 100 முதல் 200 மில்லி மட்டுமே.

இந்தக் கணக்கைப் பார்த்தாலே ஒன்று புரியும். நீங்கள் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் குறைத்தது ஒன்பது லிட்டர் ஓட்டத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் கடைசிக் கட்டத்தில், பெருங்குடல் உறிஞ்ச வேண்டிய ஒன்றே கால் லிட்டரில் ஒரு அரை லிட்டரை அது எடுக்காமல் விட்டுவிட்டால் போதும், பேதி ஆகிவிடும். ஆக, தண்ணீரைக் குறைக்காதீர்கள். இழப்பை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் கூடவே குடியுங்கள்.

இந்தத் தண்ணீரை எல்லாம் குடல் எப்படி எடுக்கிறது? தண்ணீரைப் பிடித்து இழுக்கும் பம்பு எதுவும் குடலில் கிடையாது. குடல் சுவரின் செல்கள் உப்பைத்தான், அதாவது சோடியத்தைத்தான், உள்ளே எடுக்கின்றன. உப்பு போகும் பக்கம் தண்ணீர் தானாகப் பின்னால் போகும். சிறுகுடலின் மேல்பகுதியில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டு ஒரே வாசல் வழியாக நுழைகின்றன. 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி முன்வைத்த கருத்து இது. ஓ.ஆர்.எஸ் கரைசலில் உப்போடு சர்க்கரை ஏன் இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். எதிர்த்திசை ஓட்டமும் உண்டு. குடல் சுவரின் குழிகளில் இருக்கும் செல்கள் குளோரைடை வெளியே தள்ளினால் சோடியம் அதன் பின்னால் வரும், தண்ணீர் இரண்டின் பின்னாலும் வரும். உறிஞ்சுவதும் சுரப்பதும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டே இருக்கின்றன. எந்தப் பக்கம் கை ஓங்குகிறதோ அதைப் பொறுத்துத்தான் மலம் கெட்டியாவதும் தண்ணீராவதும்.

சரி, இதில் பித்த அமிலம் எங்கே வருகிறது?

கல்லீரல் கொலஸ்ட்ராலில் இருந்து இரண்டு பித்த அமிலங்களைச் செய்கிறது: கோலிக் அமிலம், கீனோடிஆக்ஸிகோலிக் அமிலம். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள். முதலாவதில் தண்ணீரோடு ஒட்டும் ஹைட்ராக்சில் குழுக்கள் மூன்று, இரண்டாவதில் இரண்டுதான். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா கோலிக் அமிலத்தில் இருந்து ஒரு ஹைட்ராக்சிலைக் கழற்றிவிட்டால் அது டிஆக்ஸிகோலிக் அமிலம் ஆகிவிடும். அதிலும் இரண்டுதான். குடலில் தண்ணீர்த் தகராறு செய்வது பெரும்பாலும் இந்த 'இரண்டு' கட்சிதான். மூன்று இருப்பது பரம சாது.

இது எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆலன் ஹாஃப்மன், சிட்னி ஃபிலிப்ஸ் போன்றவர்கள் ஆரோக்கியமான தன்னார்வலர்களின் குடலிலேயே நேரடியாக அளந்து பார்த்தார்கள். இந்த வகைச் சோதனையில் ஒரு மெல்லிய குழாய் உள்ளே போகும். அதன் உள்ளே தனித்தனி வழிகள் இருக்கும். ஒரு துளை வழியாக உப்புக் கரைசல் சொட்டுச் சொட்டாகக் குடலுக்குள் இறங்கும். கொஞ்சம் கீழே இருக்கும் துளை வழியாக அதையே திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். கரைசலில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். அதைக் குடல் உறிஞ்சவே உறிஞ்சாது. கீழே எடுக்கும் திரவத்தில் அதன் அடர்த்தி கூடியிருந்தால் இடைப்பட்ட தூரத்தில் குடல் தண்ணீரை எடுத்துக்கொண்டது என்று பொருள். நீர்த்துப் போயிருந்தால் குடல் தண்ணீரை உள்ளே கொட்டியிருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான் தந்திரம். எளிமையான இந்தக் கணக்குக்காக அந்தத் தன்னார்வலர்கள் மணிக்கணக்கில் குழாயோடு படுத்துக் கிடந்தார்கள்.

1971-இல் பெருங்குடலில் செய்த சோதனையின் முடிவு வெளிவந்தது. சாதாரணக் கரைசல் ஓடும்போது பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதில் கீனோடிஆக்ஸிகோலிக் அமிலமோ டிஆக்ஸிகோலிக் அமிலமோ லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிமோல் என்ற அளவை எட்டியதும் உறிஞ்சல் நின்றது. அளவு இன்னும் ஏறியபோது ஓட்டமே திரும்பி, பெருங்குடல் தண்ணீரையும் உப்பையும் உள்ளே சுரக்க ஆரம்பித்தது. மூன்று ஹைட்ராக்சில் உள்ள கோலிக் அமிலத்துக்கு இந்தக் குணம் இல்லை. சிறுகுடலிலும் இதே போன்ற சோதனைகள் நடந்தன. இரண்டு ஹைட்ராக்சில் உள்ளவற்றைத் தனியாக விட்டால் அங்கேயும் தண்ணீர் உறிஞ்சல் குறைந்தது, குளுக்கோஸ் உறிஞ்சலும் குறைந்தது. நீங்கள் படித்தது இந்த ஆராய்ச்சி வரிசையில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். எழவில்லை என்றால் நான் எழுப்புகிறேன். சாப்பிட்ட பிறகு நம் எல்லோருடைய சிறுகுடலிலும் பித்த அமிலத்தின் அளவு லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிமோல் வரை போகிறது. பெருங்குடலைக் கவிழ்க்கப் போதுமான அளவு. அப்படியானால் உலகத்தில் எல்லோருக்கும் தினம் மூன்று வேளை பேதியாக வேண்டாமா?

ஆகாததற்குக் காரணம், சிறுகுடலுக்குள் பித்த அமிலம் தனியாக வருவதில்லை. கல்லீரல் அதை வெளியே அனுப்பும் முன்பே கிளைசின் அல்லது டாரின் என்ற ஒரு சிறு மூலக்கூறை அதன் வாலில் கட்டிவிடுகிறது. வால் கட்டிய பித்த அமிலம் செல் சவ்வுக்குள் சுலபமாக நழுவாது; குடல் குழாயிலேயே தங்கிக் கொழுப்பைக் கரைக்கும் வேலையைப் பார்க்கும். இன்னொரு காவலும் உண்டு. பித்தநீரில் பித்த அமிலத்தோடு லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் கலந்தே வருகிறது. இரண்டும் சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாகத் திரள்கின்றன. சாப்பாட்டில் இருந்து வரும் கொழுப்புத் துணுக்குகளும் அந்த உருண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பித்த அமிலத்தின் சோப்புக் குணம் உருண்டைக்குள் அடங்கிவிடுவதால் செல் சவ்வின் மேல் அதன் கை நீள்வதில்லை. லெசித்தினின் அருமை அது இல்லாதபோதுதான் தெரியும். லெசித்தினைப் பித்தநீருக்குள் தள்ளும் புரதம் பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பித்தநீர் அவர்களுடைய பித்தக் குழாய்களையே அரித்துவிடும். கல்லீரல் மாற்று அறுவை வரைக்கும் போக வேண்டியிருக்கும். அதே பித்த அமிலம்தான், துணைக்கு ஆள் இல்லை.

மூன்றாவது காரணம் எளிமையானது. சிறுகுடலின் மேல்பகுதியில் கொஞ்சம் தண்ணீர் உறிஞ்சல் குறைந்தாலும் கீழே இன்னும் சில மீட்டர் குடல் இருக்கிறது. அது எடுத்துக்கொள்ளும். பெருங்குடலுக்குப் பிறகு அப்படி எடுக்க யாரும் இல்லை.

அதனால்தான் உடம்பு, பித்த அமிலத்தைப் பெருங்குடலுக்குப் போக விடாமல் சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்திலேயே பிடித்துவிடுகிறது. அங்கே இதற்கென்றே ஒரு புரதம் வாசலில் நிற்கிறது. வரும் பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதத்தைப் பிடித்து ரத்தத்துக்குள் அனுப்ப, அது கல்லீரலுக்குத் திரும்பி, மறுபடி பித்தநீரில் கலந்து குடலுக்கு வருகிறது. உடம்பில் மொத்தம் இருக்கும் பித்த அமிலம் 2 முதல் 4 கிராம்தான். ஆனால் அது ஒரு நாளில் ஆறேழு முறை இப்படிச் சுற்றுவதால் 20 கிராம் அளவுக்கு வேலை நடந்துவிடுகிறது. தப்பித்துப் பெருங்குடலுக்குப் போவது நாளைக்கு அரை கிராம் போல. கல்லீரல் அதே அரை கிராமைப் புதிதாகச் செய்து ஈடுகட்டும். இவ்வளவு சிக்கனமாக உடம்பு திரும்பப் பயன்படுத்தும் பொருட்கள் வெகு சில.

இந்தச் சுற்று எங்கே அறுந்தாலும், அல்லது வாசலில் நிற்கும் ஆளுக்கு வேலை மிஞ்சினாலும், பித்த அமிலம் பெருங்குடலுக்குள் வழிந்துவிடும். அங்கே லெசித்தின் இல்லை, கொழுப்பு இல்லை. பாக்டீரியா கட்டிய வாலையும் வெட்டிவிட்டு, ஒரு ஹைட்ராக்சிலையும் கழற்றி, சாதுவாக வந்ததையும் முரடாக்கி விடுகிறது. முரடானது குடல் செல்லுக்குள் புகுந்து கால்சியம், சைக்ளிக் ஏ.எம்.பி போன்ற உள் சமிக்ஞைகளைக் கிளப்ப, குளோரைடு வாசல் திறக்கிறது. குளோரைடு வெளியே, சோடியம் பின்னால், தண்ணீர் அதற்கும் பின்னால். செல்களுக்கு இடையில் இருக்கும் இறுக்கமான தையலும் தளர்கிறது. போதாததற்குப் பெருங்குடலின் தசை பெரிய பெரிய அலைகளாகச் சுருங்கி எல்லாவற்றையும் கீழே தள்ளுகிறது. நீங்கள் சொன்ன 'ஓட வேண்டியிருக்கிறது' என்பது இந்த அலைதான். மற்றப் பேதிகளில் கொஞ்சம் அடக்க முடியும். பித்த அமிலப் பேதி பல நேரம் அவகாசமே தராது. எரிச்சலுக்கும் காரணம் அதே அமிலம்தான். துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லிசாகத் தடவிக்கொண்டால் தோலுக்கு ஒரு திரை கிடைக்கும். தேய்த்துத் துடைக்காமல் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுங்கள். பச்சை நிறத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்: பித்த நிறமி பழுப்பாக மாறுவதற்கு நேரம் கிடைக்காமல் வேகமாக வெளியேறுகிறது என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை.

பித்தப்பை இல்லாததால் உங்களுக்கு என்ன ஆனது? இருந்தபோது அது இரவெல்லாம் பித்தநீரைச் சேர்த்துச் சுண்ட வைத்து, சாப்பாடு வரும்போது மட்டும் பிழிந்து விட்டது. இப்போது சேர்த்து வைக்க இடம் இல்லை. கல்லீரல் சுரக்கச் சுரக்க, சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இலியம் இதைச் சமாளித்துவிடும். பத்துப் பேரில் ஒருவர் அளவில் சமாளிக்காமல் போகிறது. இரவில் கொழுப்போ சாப்பாடோ இல்லாமல் சும்மா இறங்கிய பித்த அமிலம் சிறுகுடலில் காத்திருக்க, காலையில் முதல் கவளம் உள்ளே போனதும் குடல் அசைந்து அத்தனையையும் கீழே துடைத்துத் தள்ளிவிடுகிறது. காலையில் மோசமாகவும் மாலையில் சுமாராகவும் இருப்பதை நாங்கள் இப்படித்தான் விளக்குகிறோம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டதும் இந்த நேரக் கணக்குதான்.

இப்போது உங்கள் பழைய மாத்திரைக்கு வருகிறேன். உங்களுடைய கேள்விகளிலேயே மிக அழகான கேள்வி இது. 1970களில் பித்தக் கல்லைக் கரைக்கக் கீனோடிஆக்ஸிகோலிக் அமிலத்தையே மாத்திரையாகக் கொடுத்தார்கள். கல் சிலருக்குக் கரைந்தது, பேதி பலருக்குப் பிடித்தது. பிறகு வந்ததுதான் நீங்கள் சாப்பிட்ட அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம். அணுக்களின் எண்ணிக்கையில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டிலும் ஹைட்ராக்சில் இரண்டுதான். ஏழாவது இடத்தில் இருக்கும் ஒன்று கீனோவில் ஒரு பக்கம் பார்க்கிறது, அர்சோவில் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. அவ்வளவுதான். அந்த ஒரு திரும்பலில் அதன் சோப்புக் குணம் மங்கி, குடலைச் சுரக்கவைக்கும் சக்தி போய்விட்டது. அதனால்தான் அது உங்களுக்குப் பேதி தரவில்லை. கீனோவைவிட அது பேதி தருவது மிகக் குறைவு. 'பித்த அமிலம் என்றாலே பேதி' என்று யாராவது சொன்னால் இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்.

இதுவரை நான் எழுதியதை வைத்து உங்களுக்கு இருப்பது பித்த அமிலப் பேதிதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சந்தேகம் பலமாக இருக்கிறது என்றுதான் சொல்வேன். கடிதத்தைப் படித்து நோயைக் கண்டுபிடிக்கும் வித்தை என்னிடம் இல்லை. முதலில் உங்கள் தைராக்ஸின். அந்த மாத்திரையின் அளவு தேவைக்கு மேல் கூடினாலே மலம் இளகும். தைராய்டு அளவைக் காட்டும் டி.எஸ்.எச் ரத்தப் பரிசோதனையைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் என்றால் அதையும் எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதுவும் பேதி தரும் மருந்துதான், இலியத்தில் பித்த அமிலத்தைப் பிடிக்கும் வேலையிலும் அது கை வைக்கும். ரத்த எண்ணிக்கை, சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) ரத்தப் பரிசோதனை, குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் கால்புரொடெக்டின் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், ரத்தசோகை, இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு உடனே குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள்.

பித்த அமிலத்துக்கென்றே பரிசோதனைகளும் உண்டு. செஹ்கேட் என்று ஒன்று: செலினியம் கதிரியக்கக் குறி போட்ட ஒரு செயற்கைப் பித்த அமிலத்தை மாத்திரையாக விழுங்கவைத்து, அன்றைக்கும் ஏழு நாள் கழித்தும் உடம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேமராவில் அளப்பார்கள். ஏழாவது நாளில் 15 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பித்த அமிலம் ஒழுகுகிறது. 5 சதவீதத்துக்கும் கீழே என்றால் கடுமையாக ஒழுகுகிறது. எல்லா நாடுகளிலும் இது கிடைப்பதில்லை. வெறும் வயிற்றில் காலையில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் சி4 என்ற பரிசோதனை இன்னொன்று. பித்த அமிலத்தைக் கல்லீரல் எவ்வளவு மும்முரமாகப் புதிதாகச் செய்கிறது என்பதை அது காட்டும். இரண்டுமே கிடைக்காத இடத்தில் மருந்தைக் கொடுத்துப் பார்த்துப் பலனை வைத்துத் தீர்மானிப்போம்.

'ஐ.பி.எஸ், டென்ஷன்' என்று சொன்னவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் மேல் கோபம் வேண்டாம், ஆனால் அதோடு நின்றுவிடவும் வேண்டாம். பேதியோடு கூடிய ஐ.பி.எஸ் என்று பெயர் சூட்டப்பட்டவர்களைச் சோதித்தால் நான்கில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோ பித்த அமிலம் ஒழுகுவது தெரிகிறது. பித்தப்பை இருக்கிறவர்களுக்கும் வரும். இலியம் பித்த அமிலத்தை உறிஞ்சும்போதே 'போதும், புதிதாகச் செய்யாதே' என்று கல்லீரலுக்கு எஃப்.ஜி.எஃப் 19 என்ற ஒரு ஹார்மோன் மூலம் சொல்லி அனுப்புகிறது. அந்தச் செய்தி பலவீனமாகப் போய்ச் சேர்ந்தால் கல்லீரல் நிறுத்தாமல் செய்துகொண்டே இருக்கும். இலியம் எவ்வளவு பிடித்தாலும் மிச்சம் வழியும். 2009-இல் லண்டனில் ஜூலியன் வால்டர்ஸ் குழு இதைக் காட்டிய பிறகுதான் காரணம் தெரியாமல் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த பலருடைய பேதிக்கு ஒரு முகவரி கிடைத்தது. மனசுதான் காரணம் என்று பத்து வருடம் கேட்டுக் கேட்டு நொந்துபோனவர்கள் மருந்து தொடங்கிய ஒரே வாரத்தில் முகம் மாறி வந்து உட்காருவதை என் அறையில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த மருந்து கொலஸ்டைரமின். இது ரத்தத்துக்குள் போகவே போகாத ஒரு பிசின். குடலிலேயே பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதோடு வெளியேறிவிடும். பிடிபட்ட பித்த அமிலத்தால் பெருங்குடல் சுவரைத் தொட முடியாது. 4 கிராம் பொட்டலமாக வரும். பலரும் முதல் நாளே வெறுத்து விட்டுவிடுவதால் இதைச் சாப்பிடும் முறையைச் சொல்கிறேன். பொடியை அப்படியே வாயில் போடக் கூடாது, மூச்சுக் குழாயில் ஏறி இருமல் வரும். ஒரு டம்ளர் தண்ணீரின் மேல் தூவி, இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். ஊறித் தானாக அடங்கும். அப்புறம் கலக்குங்கள். கரையாது. நாக்கில் மெல்லிய மணல் போல நெருடும். குடித்துவிட்டு அடியில் தங்கியதையும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் குடித்துவிடுங்கள். அரைப் பொட்டலத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுவதுதான் என் வழக்கம். அவசரப்பட்டுக் கூட்டினால் நேர்மாறாக மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் வந்து உட்காரும். மணல் நெருடல் தாங்கவே முடியவில்லை என்றால் கொலிசெவலம் என்று மாத்திரை வடிவில் இருப்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் முக்கியமான ஒன்று: இந்தப் பிசினுக்குப் பித்த அமிலம் எது, தைராக்ஸின் எது என்று பாகுபாடு தெரியாது. கிடைத்ததைப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை வீணாகப் போகும். தைராக்ஸினை வழக்கம்போல் அதிகாலை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, குறைந்தது 4 மணி நேரம் கழித்தே கொலஸ்டைரமின் எடுங்கள். காலைப் பேதிக்குக் காலையிலேயே மருந்து வேண்டாமா என்று கேட்பீர்கள். இரவு படுக்கும் முன் எடுத்தால் இரவெல்லாம் சொட்டும் பித்த அமிலத்தைப் பிடிக்க அது தயாராகக் குடலில் இருக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இரவு நேரத்தைத்தான். தொடங்கிய ஆறு எட்டு வாரத்தில் டி.எஸ்.எச் மறுபடி பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், இதயத்துக்கு டிஜாக்ஸின், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த இடைவெளி விதி பொருந்தும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களின் உறிஞ்சல் குறையலாம். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறலாம். அதனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தம் பார்ப்பது நல்லது.

கிரோன் என்ற குடல் அழற்சி நோய்க்காகவோ வேறு காரணத்துக்காகவோ இலியத்தையே வெட்டி எடுத்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெட்டியது 100 செ.மீ.க்குக் குறைவு என்றால் நான் மேலே சொன்ன கதைதான், கொலஸ்டைரமின் கேட்கும். அதற்கு மேல் போயிருந்தால் நிலைமை தலைகீழ். ஒழுகும் வேகத்துக்குக் கல்லீரலால் செய்து மாளாது. சிறுகுடலிலேயே பித்த அமிலம் பற்றாக்குறையாகி, கொழுப்பு செரிக்காமல் பிசுபிசுப்பாக மிதக்கும் மலமாகப் போகும். அவர்கள் இந்தப் பிசினைச் சாப்பிட்டால் இருக்கிற கொஞ்சத்தையும் அது பிடித்துக்கொண்டு நிலைமையை மோசமாக்கும். அவர்கள் தாங்களாக ஆரம்பிக்கவே கூடாது.

எண்ணெயை முழுக்க நிறுத்தினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொழுப்பைக் குறைப்பது பலருக்கு உதவுகிறது, உண்மைதான். ஆனால் சுத்தமாக நிறுத்துவதற்குக் காரணம் இல்லை. பித்தம் சொட்டுவது கொழுப்பு வந்தாலும் வராவிட்டாலும் நடக்கப்போகிறது. ஒரே வேளையில் கொட்டாமல், குறைந்த அளவை மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவில் நீண்ட பட்டினி விடாதீர்கள். இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மலத்துக்கு உருவம் கொடுக்கும். அதையும் தைராய்டு மாத்திரையை விட்டுத் தள்ளியே எடுங்கள்.

கடைசியாக, பேருந்து. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, போதுமான அவகாசம். மருத்துவரைப் பார்த்துக் கொலஸ்டைரமின் தொடங்குவதென்றால் இந்த வாரமே தொடங்கி, பயணத்துக்குள் உங்களுக்கு ஒத்துவரும் அளவைக் கண்டுபிடித்துவிடுங்கள். பயணத்துக்கு முந்தின இரவு முதல்முறையாகச் சாப்பிட்டுப் பரீட்சை பார்க்க வேண்டாம். அன்று காலை மட்டும் கைக்காவலுக்கு லோபரமைடு 2 மி.கி. ஒன்றைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போட்டுக்கொள்ளலாம், காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இல்லை என்றால். அது பித்த அமிலத்தை ஒன்றும் செய்யாது. குடலின் ஓட்டத்தை மெதுவாக்கித் தண்ணீர் உறிஞ்ச நேரம் கொடுக்கும். அதையும் ஒரு விடுமுறை நாளில் வீட்டில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். காலைச் சாப்பாட்டைப் பேருந்து கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். வழியில் தண்ணீர் குடியுங்கள், பயப்படாமல். அப்புறம், டிக்கெட் எடுக்கும்போது ஜன்னல் ஓரம் கேட்காதீர்கள். நடைபாதைப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.